அழைப்பிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் தையற்கடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள இந்தத் தையற்கடையில், அளவுநாடாவை எடுப்பதற்கு முன்பே அழைப்பிதழைக் கேட்கிறார்கள். கொழும்பில் கோட் தைப்பவர்களுக்குக் குறைவில்லை. அட்டையின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உடைக் குறிப்பைப் படித்துவிட்டுத் துணியை விரித்துக் காட்டுபவர்கள்தாம் அரிது.

‘லவுஞ்ச் சூட்’ என்றிருந்தால் வேலை சுலபம்: ஒரே துணியில் கோட்டும் காற்சட்டையும், கடும் நீலத்திலோ கரும் சாம்பலிலோ, ரையுடன். அலுவலகக் கூட்டங்களுக்கும் அதுவே போதும். ‘பிளாக் ரை’ என்ற குறிப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாதாரணக் கறுப்புக் கோட்டின் மேல் நீளமான கறுப்பு ரையைக் கட்டிக்கொண்டு போனால், புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து நேரே வந்த சட்டத்தரணி போலத்தான் இருக்கும். இரவு விருந்துக்குரிய அந்த உடையில் கோட்டின் மடிப்புக் கழுத்துக்குப் பட்டு முகப்பும், காற்சட்டையின் வெளிப்பக்கத் தையல் நெடுக ஒற்றைப் பட்டுப் பட்டியும் இருக்க வேண்டும். பெல்ற் அணிவதில்லை, கழுத்துக்குக் கறுப்பு ‘போ ரை’. இவற்றையெல்லாம் கடையின் மூத்த மாஸ்டர் மாதிரிக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே விளக்குகிறார். ‘அல்லது தேசிய உடை’ என்றும் அட்டையில் இருந்தால், வேட்டியும் நஷனல் சட்டையும் உடுத்துப் போகலாமே, புதுச் சூட் எதற்கு என்று அவரே சொல்லிவிடுகிறார். தனக்கு வரவேண்டிய கூலியைத் தானே தட்டிவிடும் வியாபாரியை இந்த ஊரில் எளிதில் காண முடியாது.

வெட்டும் தையலும் நேர்த்தி. ஃபிட்-ஓன் பார்க்கும்போது, கோட்டுக் கைக்கு வெளியே சேட்டின் கைப்பட்டி ஒரு சென்ரிமீற்றர் தெரிகிறதா என்று சோக்கட்டியால் குறித்துப் பார்க்கிறார். கீழ்ப் பொத்தானை மூடுவதில்லை என்பதால், மேல் பொத்தான் ஒன்றை மட்டும் பூட்டியே இடுப்பின் பிடிப்பைச் சரிசெய்கிறார்.

குறைகளும் உண்டு. கேட்காவிட்டால் கோட்டின் முன்பக்கத்துக்குப் பசையால் ஒட்டும் உள்துணியையே வைக்கிறார்கள். நல்ல ஒட்டு நீடிக்கும், மலிவானதோ சில சலவைக்குப் பிறகு நெஞ்சுப் பகுதியில் கொப்பளித்துவிடும். பசையில்லாமல் நூலால் தைத்துச் சேர்க்கும் கன்வஸ் உள்துணியை வைக்கும்படி முதலிலேயே சொல்ல வேண்டும். வாங்கும்போது கடைசிப் பொத்தான் துளைக்குக் கீழே துணியை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள்: கோட்டின் வெளிப்பக்கத் துணிக்கும் உட்பக்கத் துணிக்கும் நடுவே மூன்றாவது படை ஒன்று தனியாக நழுவினால் அது கன்வஸ். அலுமாரியில் நிறைந்திருப்பதும் பெரும்பாலும் பொலியெஸ்ரர் கலவைதான். கொழும்பின் புழுக்கத்துக்கு, மீற்றருக்கு 250 கிராம் அளவிலான மெல்லிய கம்பளித் துணியை வெளியில் வாங்கிக் கொடுத்து, முதுகில் பாதிக்கு மட்டும் லைனிங் வைக்கச் சொல்வதே நல்லது.

சொன்ன தவணைக்குத் தருவார்கள் என்று நம்பவும் முடியாது. ஆவணி முகூர்த்தங்களுக்கு உடுப்பு வேண்டுமென்றால் ஆடி பிறந்த கையோடு துணியைக் கொடுத்துவிட வேண்டும்.