அல்மாட்டியா, பிஷ்கேக்கா: தியான் ஷான் மலைக்கு எந்த வாசல்?

அல்மாட்டிக்கும் பிஷ்கேக்குக்கும் நடுவே சாலை வழியாக 240 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்று கஜகஸ்தானில், மற்றது கிர்கிஸ்தானில். இரண்டுக்கும் தெற்கே தியான் ஷானின் வடகிளைகள் மதில்போல நிற்கின்றன. இரண்டிலும் தெருவோர ‘அரிக்’ வாய்க்கால்களில் மலைத் தண்ணீர் ஓடுகிறது. சோவியத் காலத்துக் கட்டடங்கள், மரநிழல் விழும் அகலச் சாலைகள். படத்தை மட்டும் காட்டினால் எது எந்த ஊர் என்று தடுமாறிப் போவோம். போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும்: அல்மாட்டிக்குப் போனவர் கேபிள் காரைப் பற்றிப் பேசுவார், பிஷ்கேக்குக்குப் போனவர் தன் முழங்காலைப் பற்றிப் பேசுவார்.

முதலில் அல்மாட்டியின் மலை. ஊரின் நடுவிலிருந்து 12ஆம் எண் நகர பஸ்ஸில் ஏறினால் மெடியுவில் இறக்கிவிடுகிறது. 1,691 மீட்டர் உயரத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம். அங்கிருந்து கேபிள் கார் 2,260 மீட்டரில் இருக்கும் ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தளத்துக்கு, பிறகு இன்னும் இரண்டு கட்டமாக ஏறக்குறைய 3,200 மீட்டரில் தால்கர் கணவாய்க்கு. காலைக் காபியை ஊருக்குள் குடித்தவர் மதியத்துக்குள் பனியில் நிற்கலாம். ஒரு சொட்டு வியர்வை சிந்தத் தேவையில்லை. வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். சிக்கலும் இங்கேதான் இருக்கிறது: உடல் மெதுவாக ஏற வேண்டிய உயரத்தைக் கயிறு சட்டென்று ஏற்றிவிடுகிறது. உச்சியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஊரில் வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு வந்து நடுங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம்.

மெடியுவில் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. அரங்கத்துக்கு மேலே 842 படிகள் ஏறினால் ஓர் அணைக்கட்டு. தண்ணீரைத் தேக்க அல்ல, சேற்று வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. மலையைத் திட்டமிட்டு வெடிவைத்துச் சரித்து, 1966இல் இதற்கு அடித்தளம் போட்டார்கள். 1973 ஜூலையில் பாறையும் சேறுமாக வெள்ளம் இறங்கியபோது இந்தக் கரைதான் ஊரைக் காத்தது. அழகான மலையடிவாரம் என்று நாம் படம் எடுக்கும் இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் எந்தப் பயத்தோடு வாழ்கிறார்கள் என்பது அந்தப் படிகளில் ஏறினால் புரியும். கேபிள் கார் டிக்கெட்டை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

2,511 மீட்டரில் இருக்கும் பெரிய அல்மாட்டி ஏரியைப் பற்றிப் பயணிகள் வைக்கும் குறை ஒன்றுதான்: தண்ணீரருகே விடுவதில்லை. அது ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி. குடிக்கும் தண்ணீரில் கால் நனைக்க விடவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயமா? எல்லை பக்கத்தில் என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் போனால் படத்தில் பார்த்த நீலப்பச்சை இருக்காது, பனிக்கட்டிதான் இருக்கும். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாரின் பள்ளத்தாக்கையும் இன்னும் தொலைவிலுள்ள கோல்சாய் ஏரிகளையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்பவர்களை நம்பிப் போனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேனின் ஜன்னலைத்தான். இரவு தங்க முடியாதென்றால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

பிஷ்கேக்கின் மலை வேறு குணம். தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் அலா-அர்ச்சா தேசியப் பூங்கா, 1976இல் அமைந்தது. ‘அர்ச்சா’ என்பது அங்கே சரிவெங்கும் வளரும் ஜூனிப்பர் மரம். அதன் புகையைக் கெட்டதை விரட்ட வீட்டில் காட்டும் வழக்கம் கிர்கிஸ் மக்களிடம் இன்றும் உண்டு. நகரச் சிற்றுந்து பூங்கா வாயில் பக்கம் வரைதான். பாதை தொடங்கும் இடம் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. திரும்புவதற்கான வண்டியைக் காலையிலேயே பேசி வைக்காதவர்கள் மாலையில் அந்தச் சாலையை நடந்தே அளப்பார்கள்.

அங்கே தூக்கிவிடக் கயிறு எதுவும் இல்லை. அக்-சாய் அருவிக்குப் பாதை முதல் அடியிலிருந்தே செங்குத்து. அருவி வரை போய்த் திரும்பவே அரை நாள் ஆகும். அதற்கு மேல் 3,300 மீட்டரைத் தாண்டி ராட்செக் குடில், மலையேறிகள் தங்குமிடம். நான் அருவியோடு திரும்பியவன், அதில் வெட்கமும் இல்லை. ஆனால் வழியில் ஒரு பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கீழே ஆறும் எதிரே பனியும் இருந்ததே, அந்த அமைதி ஷிம்புலாக்கின் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே கிடைக்கவில்லை.

நகரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. அல்மாட்டி 1997 வரை தலைநகராக இருந்த ஊர். பதவி போனாலும் மிடுக்கு போகவில்லை. 1907இல் மரத்தால் கட்டி முடித்த தேவாலயம் 1911இன் பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கி இன்றும் பூங்கா நடுவே நிற்கிறது. 2011இல் திறந்த மெட்ரோ சுத்தமாக இருக்கிறது. ‘அல்மா’ என்றால் ஆப்பிள். இன்று உலகம் தின்னும் ஆப்பிளின் மூதாதையான காட்டு ஆப்பிள் இந்த மலைச்சரிவுகளில்தான் வளர்கிறது. பச்சைச் சந்தையில் பழக்கடைகளைக் கடக்கும்போது அது நினைவுக்கு வந்தால் நல்லது. பிஷ்கேக்கில் ஓஷ் பஜாரும் அலா-தோ சதுக்கமும் பார்த்தால் ஒரு நாள் போதும்.

சாப்பாட்டில் மட்டும் பிஷ்கேக்குக்கு எதிர்பாராத ஒரு பலம்: ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் அங்கே படிப்பதால் சோறும் பருப்பும் போடும் மெஸ்கள் உண்டு. மற்றபடி இரு ஊரிலும் சைவர்களுக்குச் சோதனைதான். ‘பெஸ் மியாஸா’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லி வாங்கிய லக்மான் நூடுல்ஸிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். சம்சாவைப் பார்த்து நம் சமோசா என்று கடித்துவிடாதீர்கள். உறவு உண்டு, உள்ளே ஆட்டுக்கறி. ரொட்டிக்கு அங்கேயும் ‘நான்’ என்றே பெயர், அதை நம்பலாம்.

குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. நிலக்கரிப் புகை கவிந்து, ஊருக்குள்ளிருந்து மலையே தெரியாத நாட்கள் உண்டு. அப்போதும் அல்மாட்டிக்காரர்கள் கேபிள் காரில் புகைக்கு மேலே போய்விடலாம்.

ஒரு வாரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள், அல்மாட்டியை முதலில் வைத்து. அங்கே கயிற்றில் ஏறி உயரத்துக்கு உடலைப் பழக்கிவிட்டு அலா-அர்ச்சாவில் நடப்பது சுலபம். மாற்றிச் செய்தவர்கள் அல்மாட்டியில் கால் வலியோடு ஓட்டலில் படுத்திருந்ததாகச் சொல்கிறார்கள். நான்கே நாள் என்றால், உடன் வருபவர்களில் நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தாலும் அல்மாட்டி. எல்லோரும் நடப்பவர்கள் என்றால் யோசிக்காமல் பிஷ்கேக்.

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கஜகஸ்தானில் 14 நாள் வரை தங்க விசா வேண்டாம். கிர்கிஸ்தானுக்கு மின்விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். கோர்டாய் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நடந்து கடக்க வேண்டும். கஜகஸ்தான் 2024 மார்ச்சில் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆக்கிக்கொண்டதால், மேற்கே இருக்கும் பிஷ்கேக்கில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது: அல்மாட்டி நம் நேரத்துக்கு அரை மணி பின்னால், பிஷ்கேக் அரை மணி முன்னால். டிசம்பரில் அல்மாட்டியில் மாலை நாலரைக்குள் சூரியன் விழுந்துவிடும். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.