மட்டிப் பழமா, மட்டிக் கறியா?

நாகர்கோவில் சந்தையில் மட்டி கேட்டால் சின்னஞ்சிறு வாழைப்பழம் கிடைக்கும். மணக்குடி கழிமுகத்து மட்டியோ மண்ணுக்குள் புதைந்து வாழும் சிப்பி.

பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய தோல், தேன் மணம். கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுக்க இதைவிட நல்ல பழம் இல்லை என்பேன்.

சிப்பி மட்டிக்கு வேலை அதிகம். அது தண்ணீரை வடிகட்டி உண்ணும் உயிர். உள்ளே மண் இருக்கும். உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டால் அதுவே கக்கிவிடும். அப்புறம் வேகவைக்கும்போது வாய் திறக்காததை எறிந்துவிடுங்கள், தயவே வேண்டாம். சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்ததையும் தொடக்கூடாது. வடிகட்டிய நஞ்சு அதன் உடம்பில்தான் தங்கும். நல்ல மட்டி கிடைத்து, தேங்காய் வறுத்தரைத்துக் கறி வைத்தால், சோறு கூடுதலாகவே வேண்டும்.

வெளியூருக்குக் கொண்டுபோக என்றால் பழம்தான், சற்றுக் காயாகப் பார்த்து வாங்குங்கள்.