பிரேக் வேலை முடிந்தது என்று பில் கொடுத்தார்கள், ஏற்காடு இறக்கத்தில் பெடல் தரைக்குப் போனது

சேலத்தில் பழைய ஜீப் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறவர்கள் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால், என் மனைவியும் பத்து வயது மகளும் உட்கார்ந்திருந்த வண்டியில், ஏற்காடு மலைப்பாதையின் நடுவில் பிரேக் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பத்து நாள் முன்புதான் அதே பிரேக்குக்கு 38,600 ரூபாய் கொடுத்து வேலை பார்த்திருந்தேன்.

வண்டி 1996 மாடல் மஹிந்திரா எம்எம் 540. பியூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஆளும் மிளகு மூட்டையும் ஏற்றி உழைத்த வண்டி. ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கினேன். கிரீஸ் அடிப்பது, ஃபில்டர், கிராஸ் மாற்றுவது என்று சின்ன வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்வேன். பிரேக்கில் மட்டும் கை வைப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், எப்போதும் அவரிடம்தான். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன். சரி என்று, பைபாஸ் ஓரம் ஜீப் வேலைக்கென்றே போர்டு போட்டுப் புதிதாகத் திறந்திருந்த ஒரு பட்டறையில் விட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை பெயரை எழுதப் போவதில்லை.

நான் கேட்டது இவ்வளவுதான். நான்கு சக்கரத்துக்கும் ஷூ லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை) புதுசு, அந்த ஷூவைத் தள்ளுகிற நான்கு வீல் சிலிண்டரும் புதுசு, பெடல் அழுத்தத்தை லைனுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டருக்கு கிட், பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு டாட் 4 தரத்தில் புதுசு ஊற்றி, லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது, முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் மாற்றுவது. கூடவே பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கிற ஷாக்கிளை நீளமாகப் போட்டு வண்டியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். ஆறு நாள் என்றவர்கள் பதின்மூன்றாம் நாள் கொடுத்தார்கள். பில்லில் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. ஆனால் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய சாமானைக் கேட்டேன். “இரும்புக்குப் போட்டாச்சுங்கண்ணா” என்றார் ஓனர். வண்டி லேசாக இழுவையாக இருக்கிறதே என்று மூன்றாம் நாள் போன் செய்தேன். “புது ஷூ உட்கார்ற வரைக்கும் அப்படித்தாங்கண்ணா இருக்கும்” என்றார். நம்பினேன்.

அந்த ஞாயிறு ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒண்டிக்கடையில் டீ குடித்து, சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு, நாலு மணிக்கு மேல் அடிவாரம் நோக்கி இறங்கினோம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. 20 கொண்டை ஊசி வளைவு. இந்த இறக்கத்தில் வண்டியின் எடையை இன்ஜினும் பிரேக்கும்தான் பிடித்தாக வேண்டும். நான் இரண்டாவது கியரில்தான் வந்தேன், பெடலில் கால் வைத்தபடி வரவில்லை.

பாதி இறங்கியபோது லைனிங் கருகுகிற நாற்றம் வந்தது. முன்னால் போகிற பஸ் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள், “அப்பா, டயர்கிட்ட புகை வருது” என்றாள். அடுத்த வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன், பாதி வரை பஞ்சு மாதிரி போனது. விட்டு மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டுவிட்டது. மூன்றாவது, நான்காவது என்று பம்ப் அடித்ததில் கொஞ்சம் பிடித்தது. அந்த இடைவெளியில் முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரங்களை இறக்கி நிறுத்தினேன். மகள் அழவில்லை. இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் எடுத்து வைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

நான் பதற்றத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டேன். அந்த வழியாக வந்த பிக்கப் டிரைவர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும், தானாக ஆறட்டும் என்றார். மனைவியையும் மகளையும் கவர்மென்ட் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரவு வண்டியோடு இருந்தேன்.

மறுநாள் காலை நம் செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் கறுப்புக் கண்ணாடியுடன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கல்லில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மகன் பின்பக்க வலது டிரம்மைக் கழற்றினார். உள்ளே வீல் சிலிண்டர் வெள்ளிப் பெயின்டில் பளபளவென்று இருந்தது. பெரியவர் அதை வாங்கி நகத்தால் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்தது, அடியில் பழைய துரு, குழி குழியாக. பழைய சிலிண்டரையே துடைத்து ஸ்பிரே அடித்து மாட்டியிருக்கிறார்கள். நான்கிலும் அதே கதை. ஷூவில் லைனிங் புதுசுதான், ஆனால் ரிவெட் பாதி ஓட்டைகளில் இல்லை.

பிறகு அவர் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இருந்து ஒரு சொட்டு எடுத்து அதில் விடச் சொன்னார். சொட்டு மேலே மிதந்து வானவில் நிறத்தில் படலமாகப் பரவியது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகை. தண்ணீரில் கரைந்துவிடும், மிதக்காது. மிதக்கிறது என்றால் உள்ளே எண்ணெய் கலந்திருக்கிறது. கியர் ஆயிலோ, பவர் ஸ்டியரிங் ஆயிலோ, கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள்.

எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப் ஊதிவிடும். சிலிண்டரில் இருந்து எடுத்த கப்பை விரலில் வைத்து அழுத்தினேன், ஊறின சுண்டல் மாதிரி கொழகொழவென்று இருந்தது. ஊதின கப் பின்னால் திரும்பாது. காலை எடுத்தாலும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். அதுதான் நான் போன் செய்து கேட்ட ‘இழுவை’. இறக்கத்தில் அந்தச் சூடு ஏற ஏற, லைனில் மாற்றாமல் விட்ட பழைய திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை அழுத்தினால் அழுங்கும், பிரேக் பிடிக்காது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடலாம். எங்கள் வண்டியில் இருந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

இன்னும் இரண்டு விஷயம். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலுக்கும் காசு வாங்கியிருந்தார்கள், ஆனால் அதன் போல்ட்டில் எஸ்டேட் செம்மண் காய்ந்து அப்படியே இருந்தது. ஸ்பானரே படவில்லை. அதைவிடப் பெரியது, ஷாக்கிளை நீளமாக்கியவர்கள் பிரேக் ஹோஸைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார்கள். பின் சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் ஹோஸ் நாண் மாதிரி விறைக்கிறது. ஒரு மேட்டுப் பாதையில் ஏறியிருந்தால் அன்றைக்கே அறுந்திருக்கும். வண்டியைத் தூக்குகிற எண்ணம் உள்ளவர்கள், ஹோஸும் நீளமாக மாறியிருக்கிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நான் பழைய ஷாக்கிளையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பட்டறைக்குப் போய் நான்கு சிலிண்டரையும் மேசையில் வைத்தேன். “மலையில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா எந்த வண்டியும் இப்படித்தாங்க ஆகும்” என்றார் ஓனர். மூடியில் தண்ணீர் ஊற்றி அவர் கண் முன்னாலேயே சொட்டு விட்டுக் காட்டினேன். பேச்சு நின்றது. 6,000 ரூபாயை எடுத்து நீட்டினார். முழுப் பணமும் எழுத்தில் ஒப்புதலும் வேண்டும் என்றேன், வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன். பிரேக் சாமானை நானே கடையில் வாங்கி பில்லோடு கொண்டுபோய்க் கொடுப்பேன். பழைய சிலிண்டரில் முன்னாலேயே சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்துவிடுவேன், அதையே திரும்ப மாட்டினால் தெரிந்துவிடும். புது ஆயில் பாட்டிலின் சீல் என் முன்னால்தான் உடைய வேண்டும். டிரம் மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத இடத்தில் வண்டியை விட மாட்டேன். வண்டி வந்த பிறகு, சமதளத்தில் நியூட்ரலில் தள்ளிப் பார்ப்பேன். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோவேன், தொட மாட்டேன். ஒன்று மட்டும் அதிகமாகக் கனன்றால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகே அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டுவேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்தேன், அங்கே தீரவில்லை. இப்போது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ‘எஸ்டிமேட்’ சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, டிரம்மைக் கழற்றும்போது எடுத்த வீடியோ, எல்லாம் சேர்த்திருக்கிறேன். நான்கு சிலிண்டரும் ஊதின கப்புகளும் கவரில் கட்டி, தேதி எழுதி, வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பைபாஸ் பக்கம் இதே மாதிரி பெயின்ட் அடித்த சாமான் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால், தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா வருவதற்குள் சேர்ந்தே மனுப் போடலாம்.