கொளுத்திக் காட்டிய வீடியோவை நம்பி 4,020 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் முழுசாகத் தெரிந்தது, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குயில்ட் (இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறவர்கள், தைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். போனது 4,020 ரூபாய், கூடவே ஐந்து வாரக் கைத்தையல்.

நான் கிருஷ்ணகிரியில் வீட்டோடு பிளவுஸ் தைக்கிறவள். தங்கச்சி மகளைத் தளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அந்தப் பக்கத்து மார்கழிக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தை மாதம் அவளுக்குப் பிரசவம். அம்மாவின் பழைய நூல் சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு குயில்ட் தைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மேல்துணி, அடித்துணி எல்லாம் வீட்டிலேயே இருந்தது, நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட்தான் இல்லை. (அந்த ஷீட்டுக்குப் பேட்டிங் என்று பெயர். பேட்டிங் வாங்கணும் என்றால் என் பையன் கிரிக்கெட் மட்டையைக் கொண்டுவந்து நீட்டுகிறான்.) பழையபேட்டையில் மெத்தை தைக்கும் பெரியவரைக் கேட்டேன். "இலவம் பஞ்சு தலையணைக்குச் சரிம்மா, போர்வைக்குள்ள வெச்சா ஒரே துவையல்ல மூலைக்கு ஓடிரும், ஷீட்டா வாங்கு" என்றார்.

அப்படித்தான் அந்த ஆன்லைன் கைவினைப் பொருள் கடையில் போய் விழுந்தேன். பெயர் சொல்லவில்லை. நான் கேள்வி அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் வந்தது. "அக்கா, மேல்துணி என்ன கலர்?" என்றுதான் முதலில் கேட்டான். அரக்கு என்றேன். "வெளிர் துணிக்குன்னா எதுவும் போடலாம், அரக்குக்கு மட்டமான ஷீட் போட்டா வெள்ளை இழை வெளியே வந்து நிக்கும்க்கா, நம்மகிட்ட இருக்கிறது சுத்த காட்டன், ஊசி குத்தி இறுக்கினது, எட்டு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டாலே நகராது, முதல் துவையல்ல நூத்துக்கு மூணு நாலு சுருங்கும், அதுக்கு இடம் விட்டுத் தைங்க" என்றான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒரு வீடியோவும் அனுப்பினான். ஷீட்டில் ஒரு நூல் பிய்த்து நெருப்பு வைத்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்கிறது. அந்த நிமிஷம்தான் நான் விழுந்தது. மீட்டர் 640, ஆறு மீட்டர், கூரியர் 180, மொத்தம் 4,020 ரூபாய், உடனே போனிலேயே அனுப்பிவிட்டேன்.

ஷீட் வந்தது, வெள்ளையாக, மெத்தென்று. ஊசி வழுக்கிக்கொண்டு போனது, நானும் நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு முட்டாள்! நல்ல அழுத்தமான காட்டன் ஷீட்டில் கைத்தையல் போட்டால் விரல் வலிக்கும், இதில் வலிக்கவேயில்லை என்பதே அடையாளம் என்று இப்போது தெரிகிறது.

முடித்துத் துவைத்தேன். ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. காய்ந்ததும் பார்த்தால் அரக்குச் சேலை முழுக்க நரைமுடி மாதிரி வெள்ளை இழைகள். தையலுக்கு நடுவில் அங்கங்கே கட்டி, அங்கங்கே வெறும் துணி. சரி, தேய்த்தால் படியும் என்று காட்டன் சூட்டில் இஸ்திரி வைத்தேன், பிளாஸ்டிக் வாடை, அந்த இடம் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. மிச்சத் துண்டைக் கொளுத்தினேன். சுருண்டு உருகி, கறுப்பாகக் கெட்டியான மணி. பாலியஸ்டர். அவன் கொளுத்திக் காட்டினான், நான் கொளுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

போன் செய்தேன். "மெஷின்ல போட்டீங்களாக்கா?" கையால் துவைத்தேன். "ஏழு நாளுக்குள்ள சொல்லணும்." ஐந்து வாரம் தைத்தால்தானே தெரியும்? "வெட்டின சரக்கு எடுக்க மாட்டோம்." அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". கடைசியில் ஒரு மெசேஜ்: நாங்க 'காட்டன் டச்' என்றுதான் போட்டிருக்கோம், காட்டன் என்று எங்கே சொன்னோம்? பில்லை எடுத்துப் பார்த்தேன், 'பஞ்சு ஷீட் 6' என்று மட்டும். போனில் சொன்னதற்கு ஏது சாட்சி? இன்று காலையிலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 4,020 ரூபாய், அக்கா அக்கா என்று கூப்பிட்டே எடுத்துக்கொண்டான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். வீடியோவும் அந்த 'காட்டன் டச்' மெசேஜும் இருக்கின்றன, அழிக்கவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. அரை மீட்டர் மட்டும் முதலில் வாங்குங்கள். உங்கள் கையாலேயே கொளுத்திப் பாருங்கள். ஒரு சாண் துண்டை உங்கள் துணிக்கு நடுவில் வைத்துத் தைத்து, துவைத்து, தேய்த்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். பில்லில் '100 சதவீதம் காட்டன்' என்று எழுதச் சொல்லுங்கள், தயங்கினால் வேண்டாம். பாலியஸ்டர் கெட்டது என்று நான் சொல்லவில்லை, லேசானது, சீக்கிரம் காயும், ஆனால் அதன் விலைக்கு வாங்குங்கள், தையலையும் நெருக்கமாகப் போடுங்கள்.

காலையிலிருந்து தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் சேலைகளில் இஸ்திரி பட்ட இடம் போக மிச்சமாவது கிழியாமல் வரணும்.