பீக்குகள் சீராக அகலாதபோது: ஸ்டீபன்ஸ் மாதிரியா, ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸா?

தூள் எக்ஸ்-கதிர் டிஃப்ராக்ஷனில் அளந்த வரைவை, படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட கோட்டோடு பொருத்துவதுதான் ரிட்வெல்ட் ஃபிட். என் ஃபிட்டில் 110, 220 பீக்குகள் (படிகத் தளங்களின் திசையைச் சொல்லும் எச், கே, எல் எண்கள்) எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. 002-ம் 004-ம் மட்டும் முரண்டு பிடித்தன. கணக்கிட்ட கோடு உயரமாக, ஒல்லியாக நின்றது. அளந்த பீக் குள்ளமாக, அடி அகன்று கிடந்தது. வித்தியாசக் கோட்டில் நடுவே ஒரு பள்ளம், இரு பக்கமும் மேடு. மாதிரிப்பொருள் ஒரு டெட்ராகோனல் ஆக்ஸைடு. பீக் அகலத்தைத் தீர்மானிக்கும் யு, வி, டபிள்யூ மதிப்புகளைத் திருகிப் பயனில்லை. அவை கோணத்தை மட்டும்தான் பார்க்கும், திசையைப் பார்க்காது.

முரண்டு பிடிக்கும் பீக்குகளை ஒதுக்கிவிட்டு ஃபிட் செய்வதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஒரே ஒரு திசையை மட்டும் தனியாகப் பார்க்கும் ஒற்றை அச்சு மாதிரி, தட்டு வடிவத் துகளுக்கும் ஊசி வடிவத் துகளுக்கும் போதும், முதலில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு அதில் 00எல் வரிசை சரியானது. 101, 112 போன்ற சாய்ந்த பீக்குகள் சரியாகவில்லை.

மீதி இருப்பவை ஸ்டீபன்ஸ் மாதிரியும், அகலம் திசைக்குத் திசை மாறுவதைக் கோளத்தின் மீதான சார்புகளின் கூட்டாக எழுதும் ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸும். இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதை ஃபிட்டின் அழகைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அகலத்துக்குக் காரணம் படிகத்துகளின் அளவா, நுண்திரிபா (தளங்களின் இடைவெளி சற்றே மாறுவது) என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ஒரே திசையின் அடுத்தடுத்த பீக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பீக் விழும் கோணத்தில் பாதி தீட்டா. அளவால் வரும் அகலம் 1/காஸ் தீட்டாவோடு வளரும், திரிபால் வருவது டான் தீட்டாவோடு. சி அச்சு 4 ஆங்ஸ்ட்ராம், செம்பு கே ஆல்ஃபா கதிர் என்று வைத்துக்கொள்வோம். 001-ல் தீட்டா சுமார் 11.1 டிகிரி, 004-ல் 50.4 டிகிரி. அளவு மட்டுமே காரணம் என்றால் 001-லிருந்து 004-க்கு அகலம் சுமார் 1.5 மடங்குதான் கூடும். திரிபு என்றால் 6 மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் சுமாரான தரவிலும் பதில் தெரியும். ஆனால் கருவியின் பங்கை லாந்தனம் ஹெக்ஸாபோரைடு போன்ற தர மாதிரிப்பொருளால் முதலில் அளந்து நிலைநிறுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் 001-ன் அகலத்தில் பாதி கருவியுடையதாக இருந்து கணக்கையே கெடுத்துவிடும்.

என் தரவில் 001 கிட்டத்தட்ட ஒழுங்காக இருந்தது, 004 தான் பருத்திருந்தது. திரிபுதான். அதனால் ஸ்டீபன்ஸ்.

1999-ல் பீட்டர் ஸ்டீபன்ஸ் வெளியிட்ட இந்த மாதிரியின் யோசனை எளிது. துகளுக்குத் துகள் செல் அளவுகள் கொஞ்சம் மாறுகின்றன, அதனால் 1/டி வர்க்கமும் (டி என்பது தளங்களுக்கு இடையிலான தூரம்) சிதறுகிறது. அந்தச் சிதறலின் அளவை எச், கே, எல் மூன்றின் நான்காம் படிக் கோவையாக எழுதலாம். சமச்சீர்மை உறுப்புகளைக் குறைத்துவிடும்: கியூபிக்குக்கு 2, ஹெக்ஸகோனலுக்கு 3, டெட்ராகோனலுக்கு 4, ஆர்த்தோரோம்பிக்குக்கு 6, மோனோகிளினிக்குக்கு 9, டிரைகிளினிக்குக்கு 15. டெட்ராகோனலின் நான்கும் எனக்கு நிலையாக வந்தன. டிரைகிளினிக்கில் ஒரே ஒரு மாதிரிப்பொருளில்தான் போட்டிருக்கிறேன், 15 உறுப்புகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அங்கே உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்ஸ் எதற்கும் வளையும். துகள் வடிவத்தால் வரும் அகலத்துக்கு அதுதான் பொருத்தம், நானும் அப்படித்தான் பயன்படுத்துவேன். ஆனால் டெட்ராகோனலில் எட்டாம் வரிசை வரை போனால் உறுப்புகள் 9 ஆகிவிடும், பின்னணியின் பிழையைக்கூட விழுங்கிக்கொண்டு ஃபிட் நன்றாகத் தெரியும். நான்காம் வரிசையோடு நிறுத்துவது நல்லது.

படிகத்தின் அடுக்குகள் ஒழுங்கு தப்பி அடுக்கப்பட்டிருக்கும் அடுக்குப் பிழைகள் இருந்தால் இரண்டுமே உதவாது. பீட்டா நிக்கல் ஹைட்ராக்சைடில் 100, 110 கூர்மையாக இருக்க 101, 102 மட்டும் பருத்திருப்பது அப்படிப்பட்ட வழக்கு. அதற்கு அடுக்குகளையே உருவகப்படுத்தும் டிஃபாக்ஸ் போன்ற நிரல்தான் வேண்டும்.

ஸ்டீபன்ஸைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கோவையின் உறுப்புகளில் எஸ்400, எஸ்004 இரண்டையும் முதலில் ஃபிட்டில் மாற விடுங்கள், அப்புறம் கலப்பு உறுப்புகளை. கலப்பு உறுப்பு எதிர்மறையாக வந்தால் பதற வேண்டாம், அது நடக்கும். ஆனால் எந்த ஒரு பீக்குக்கும் மொத்தச் சிதறல் எதிர்மறையாகக் கூடாது. ஃபிட் முடிந்ததும் நான் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பீக்கின் அகலத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் எண்களை எழுதி வைப்பேன்.