கோல்டு கார்டு வாங்கவா என்று கேட்ட மச்சினனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்திருந்தான். புது வேலையில் சேர்ந்திருக்கிறான். வாராவாரம் கோவையிலிருந்து ஹைதராபாத் போய்வர வேண்டுமாம். ரசம் ஊற்றும்போது கேட்டான்: "மாமா, உங்களை மாதிரி கோல்டு மெம்பர் ஆகணும்னா ஒரே ஏர்லைன்ல போயிட்டு இருந்தாப் போதுமா? அதனால ஏதாவது பிரயோஜனம் இருக்கா?"

"இருக்கு மாப்ள, ஆனா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த "ஆனா"வுக்கு அப்புறம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அவனுக்காகவும், அவனைப் போல மாதம் முழுக்கக் குறுந்தூரம் பறக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஸ்பின்னிங் மில்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் இருக்கிறேன். ஹைதராபாத், மும்பை, சென்னை, எப்போதாவது அகமதாபாத். வருடத்துக்கு எழுபது விமானமாவது ஏறுவேன். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. அடிக்கடி பறப்பவர்களுக்கு ஏர்லைன் கொடுக்கும் கோல்டு அந்தஸ்து கைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. எந்த ஏர்லைன் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதும் அல்ல.

முதலில் கணக்கு. ஏர்லைன்கள் நம் விசுவாசத்தை மூன்று விதமாக அளந்து புள்ளி போடுகின்றன: பறந்த தூரம், ஏறிய விமானங்களின் எண்ணிக்கை, கட்டிய பணம். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கான தன் திட்டத்தைத் தொடங்கியபோது தூரம்தான் அளவு. 'மைல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். தூரக் கணக்கில் நம்மைப் போன்றவர்களுக்கு வழியே இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 மைல் வேண்டும். சென்னை–லண்டன் தூரத்தை ஐந்து முறை போய்வந்தால் அந்த அளவு வந்துவிடும். கோவை–ஹைதராபாத் தூரம் சுமார் 440 மைல்; முழுசாகச் சேர்த்தாலும் நூற்றுப் பத்து தடவைக்கு மேல் ஏற வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு முழு மைல்கூடக் கிடைக்காது.

இப்போது பல ஏர்லைன்கள் பணக் கணக்குக்கு மாறிவிட்டன. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: அதிகம் கொடுப்பவருக்கு அதிக மரியாதை. ஆனால் உங்கள் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். போன மாதம் கோவை–சென்னைக்கு நான் கொடுத்தது 3,640 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணம் 2,700 சொச்சம்தான். மீதியெல்லாம் விமானநிலையக் கட்டணம், ஜிஎஸ்டி, பாதுகாப்புக் கட்டணம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாதுகாப்புக் கட்டணம் மட்டும் 200 ரூபாய். கோவையிலிருந்து சென்னை போனாலும் டெல்லி போனாலும் அதே தொகை. இதற்கெல்லாம் பொதுவாகப் புள்ளி கிடையாது. டிக்கெட் விலை குறையக் குறைய அதில் புள்ளிக்கு உதவாத பங்கு கூடிக்கொண்டே போகிறது. தூரத்தை அளந்தாலும் நாங்கள் குறைவு, பணத்தை அளந்தாலும் குறைவு. திங்கட்கிழமை காலை ஆறு மணி விமானத்தில் வருடம் முழுக்கத் தவறாமல் ஒரு சீட்டை நிரப்புவதை அளப்பவர்கள்தான் குறைவு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எண்ணிக்கைக் கணக்குதான் நமக்கு நியாயமானது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பணக் கணக்குக்கு மாறியபோதும், 50 விமானம் ஏறினால் சில்வர் (கோல்டுக்குக் கீழ்ப்படி) என்ற வழியை விட்டுவைத்திருக்கிறது. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் வாராவாரம் அலைகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு வழி இருக்கிற திட்டம் கிடைத்தால், மாப்ள, முதலில் அதைப் பார்.

சரி, கோல்டு வந்த பிறகு என்ன கிடைக்கிறது?

முன்வரிசை சீட் இலவசம். நல்ல விஷயம், பழகிவிட்டால் விட மனசு வராது. கூடுதலாகப் பத்து கிலோ பேகேஜ். மில்லுக்குச் சாம்பிள் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற எனக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. ஸ்பிண்டில் நாலு, ரப்பர் காட் ஒரு பெட்டி வைத்தாலே வழக்கமான 15 கிலோ தாண்டிவிடும். முன்பு கவுண்டரில் நின்று பெட்டியைத் திறந்து, ஸ்பிண்டிலைக் கைப்பையில் வைக்கலாமா என்று யோசித்து, செக்யூரிட்டியில் பிடிப்பார்கள் என்று திரும்பப் பெட்டியிலேயே வைத்து, கடைசியில் பணம் கட்டுவேன். இப்போது பெல்ட்டில் வைத்துவிட்டு நடக்கிறேன்.

முன்னுரிமை போர்டிங் என்பது ஏரோபிரிட்ஜ் (கேட்டிலிருந்து நேராக விமானத்துக்குள் போகும் பாலம்) இருந்தால்தான் முன்னுரிமை. பஸ் என்றால் நம்மை முதலில் ஏற்றுவார்கள். கூட்டம் ஏற ஏற நாம் பஸ்ஸின் உள்மூலைக்குப் போய்விடுவோம். விமானத்தடியில் கதவு திறந்ததும், கடைசியாக ஏறியவர்தான் முதலில் படியேறுவார். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இது மாறவில்லை. நுழைவாயில் வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகத்தை அடையாளம் காணும் டிஜியாத்ரா வந்த பிறகு, அதில் பதிவு செய்த யார் முகத்தைக் காட்டினாலும் கதவு திறக்கிறது.

லவுஞ்ச், அதாவது விமானநிலையத்தில் சாப்பாட்டோடு உட்காரும் ஓய்வறை. உன் வயதில் எனக்கும் அதுதான் பெரிய ஆசை. ஆனால் உள்நாட்டு லவுஞ்ச்சில் நமக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் கிரெடிட் கார்டில் 2 ரூபாய் தேய்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வங்கி கொடுத்த வசதி அது. ஆனால் அந்த வரிசையில் பத்து நிமிடம் நின்று, உட்கார இடம் தேடி, ஆறிப்போன இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, இதற்காகவா ஒரு வருடம் ஒரே ஏர்லைனைப் பிடித்துத் தொங்கினோம் என்று தோன்றும்.

தொங்கினோம் என்று எழுதியது யோசித்துத்தான். என் நிஜமான மனத்தாங்கல் அங்கே இருக்கிறது.

ஹைதராபாத்திலிருந்து கோவை திரும்ப, என் ஏர்லைனின் விமானம் இரவு ஒன்பதுக்கு மேல். வேறொரு ஏர்லைனில் மாலை ஆறு மணிவாக்கில் ஒன்று இருக்கிறது. மில்லில் வேலை மூன்றரைக்கே முடிந்துவிடும். நேராக ஷம்ஷாபாத் ஏர்போர்ட் போனால் ஆறு மணி விமானத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம். நான் பிடிக்கவில்லை. அதில் ஏறினால் அந்தப் புள்ளி போய்விடுமே. லவுஞ்ச்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு மாதக் காலண்டர் ஒட்டியிருக்கும். பால்காரர் கணக்கு, கேஸ் புக் பண்ணிய தேதி எல்லாம் உன் அக்கா அதில்தான் எழுதுவாள். நான் ஊரிலிருந்து வீடு வந்து சேரும் நேரத்தையும் அந்தக் கட்டத்தின் மூலையில் சின்னதாக எழுதி வைப்பாள். யாருக்கும் காட்ட இல்லை. மறுநாள் காலை என்னை எத்தனை மணிக்கு எழுப்புவது என்று தெரிவதற்காக. போன டிசம்பரில் பழைய தாள்களைக் கிழித்துப் போடும்போது பார்த்தேன். 11.40. 12.05. 11.55. 12.20. நீல மையில், ஒன்றன் கீழ் ஒன்றாக. உட்கார்ந்து எண்ணினேன். முந்தைய விமானம் இருந்தும் நான் எடுக்காமல் விட்ட இரவுகள் மட்டும் 23. அந்த 23 இரவும் பாப்பா தூங்கிய பிறகுதான் வந்திருக்கிறேன். காலையில் அவள் ஸ்கூல் வேன் ஏறும்போது எனக்கு அரைத்தூக்கம்.

டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டியது. கோல்டுக்கு நான் கட்டியது இந்த 23 சாயங்காலம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு சாயங்காலத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். போன ஜூலை, மும்பை. என் விமானம் இரவு 9.30க்கு. மதியமே மனைவி போன் செய்தாள்: பாப்பாவுக்குக் காய்ச்சல் 103, டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார், டெங்குவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். மீட்டிங்கை விட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினேன். கோவைக்கு அடுத்த விமானம் ஐந்தரைக்கு, என் ஏர்லைனே. டிக்கெட் கவுண்டரில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். கோல்டுக்கென்று தனியாக ஒரு மேசை, அங்கே ஒரு பெண். டெங்கு, குழந்தை என்றெல்லாம் விளக்கத் தயாராக இருந்தேன். எதையும் கேட்கவில்லை. பிஎன்ஆரைத் தட்டினார், திரையைப் பார்த்தார். "சார், ஒரே ஒரு சீட் இருக்கு. 27இ, நடு சீட். பரவாயில்லையா?" என்று இந்தியில் கேட்டார். கட்டண வித்தியாசம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கோல்டுக்கு அன்றைய விமானத்தை மாற்றுவது இலவசம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அச்சடித்த போர்டிங் பாஸைக் கையில் கொடுத்து, கேட் நம்பர் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "ஓடுங்க சார்" என்றார்.

எட்டு மணிக்கு முன்னால் பாப்பா பக்கத்தில் இருந்தேன். டெங்கு இல்லை, வெறும் வைரல் காய்ச்சல்தான். ஆனால் அன்று இரவு ரிசல்ட் வரும்வரை அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அந்த போர்டிங் பாஸ் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மை மங்கிவிட்டது, பேனா வட்டம் மட்டும் தெரிகிறது.

ஏர்லைன்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பிசினஸ் கிளாஸில் ஒருமுறை லண்டன் போய்வருகிறவர் கட்டும் பணத்தை நான் வருடம் முழுக்கப் பறந்தாலும் கட்டுவேனா தெரியாது. அவரைத் தக்கவைக்க அவர்கள் பார்ப்பது இயல்பு. அதோடு, என்னைப் போன்றவனுக்கு அந்த மேசையைப் போட்டு வைத்ததும் அவர்கள்தான்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கார்டு உன் சொத்து இல்லை. எங்கள் ஆபீஸ் சீனியர் ஒருவரின் மேசை டிராயரில் பழைய கார்டுகள் கிடக்கின்றன. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானத்தை இயக்கியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்து, அந்தப் பெயரே இல்லாமல் போனது. 2006இலிருந்து பறக்கும் இண்டிகோ, அடிக்கடி பறப்பவர்களுக்கான புளூசிப் திட்டத்தைக் கொண்டுவந்ததே 2024இல்தான். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடம் கழித்துப் பயன்படும் என்று எதையும் சேர்த்து வைக்காதே.

நடைமுறையில் ஒரே ஒரு விஷயம். கம்பெனி ஏஜென்ட் டிக்கெட் போடும்போது மெம்பர் நம்பரைச் சேர்க்க மறந்துவிடுவார். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதே. விட்டுப்போன புள்ளியைக் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம். முதல் வருடம் நான் பதினோரு பயணத்தை இப்படித்தான் மீட்டேன்.

ஆக, மாப்ள, உனக்கு என் பதில்: வேண்டாம். மெம்பர் நம்பரை வைத்துக்கொள், இலவசம்தானே. வருகிற புள்ளி வரட்டும். ஆனால் அதற்காக விமானத்தைத் தேர்ந்தெடுக்காதே. எது உன்னை முதலில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறதோ அதில் ஏறு. சென்னை மட்டும் என்றால் விமானமே வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, கால் நீட்டி உட்காரலாம். உனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் வீட்டுக் காலண்டரில் 12.20 என்று யாரும் எழுத வேண்டாம்.

என் கோல்டு மார்ச் 31இல் முடிகிறது. புதுப்பிக்க ஒரு மும்பை போய்வரும் அளவுக்குப் புள்ளி குறைகிறது. 24ஆம் தேதி மும்பை வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசுவதாக இருந்தது. நேரிலேயே வந்து சாம்பிளைக் காட்டுகிறேன் என்று நேற்று அவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். பாப்பா இன்னும் சின்னவள், மழைக்காலம் மறுபடி வரும், அந்த மேசை எனக்கு வேண்டும்.