ஒரே கூடு, வேற இன்ஜின்: ஃபியட் 500-ஆ, ஸ்டையர்-புக் 500-ஆ?

இந்த இரண்டு குட்டிக் கார்களையும் தெருவோரம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதே உருண்டை முதுகு, அதே வட்ட விளக்கு. மூக்கிலுள்ள சின்னத்தைக் கையால் மறைத்துவிட்டால் கார் பைத்தியங்களே தடுமாறுவார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமா, பின்னால் போய் இன்ஜின் மூடியைத் திறங்க.

ஃபியட்டில் இரண்டு சிலிண்டரும் அருகருகே நிமிர்ந்து நிற்கும். புக்கில் எதிரெதிரே படுத்துக் கிடக்கும். அதாவது பாக்ஸர்.

டான்டே ஜாக்கோசா வடிவமைத்த ஃபியட் நுவோவா 500 (‘புதிய 500’) இத்தாலியின் டூரினில் வெளிவந்தது 1957-ல். அதே வருஷம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர்-டைம்லர்-புக் நிறுவனமும் ஃபியட்டின் உரிமத்தோடு தன் காரை இறக்கியது. சின்ன நாட்டுச் சந்தையை நம்பி பாடித் தகடு அடிக்கச் சொந்தமாக அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் கூடு ஃபியட்டுடையது. இன்ஜினை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதைச் செய்தவர் எரிக் லெட்விங்கா. அப்பா ஹான்ஸ் லெட்விங்கா 1923-ல் டாட்ரா 11 என்ற செக் காருக்குப் போட்டதும் காற்றில் குளிரும் இரட்டை சிலிண்டர் பாக்ஸர்தான். பரம்பரைக் கைப்பழக்கம்!

கணக்கைப் பார்த்தால் ஆரம்ப ஃபியட்டுக்கு 479 சிசி, 13 குதிரைத்திறன்; புக்குக்கு 493 சிசி, 16. சிசியில் பெரிய வித்தியாசமில்லை, சூட்சுமம் வேறு இடத்தில். ஃபியட்டின் சிலிண்டர் விட்டம் 66 மிமீ, பிஸ்டன் ஓட்டம் 70. புக்கில் விட்டம் 70, ஓட்டம் 64 மட்டுமே. பிஸ்டன் ஓடும் தூரம் குறைவதால் இன்ஜின் சுழலும் வேகத்தைக் கூட்ட இடம் கிடைக்கிறது. ஃபியட்டில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஐடிலிங்கில் வண்டியே சிலிர்க்கும். புக்கில் ஒன்றின் உதறலை எதிரிலிருப்பது பெருமளவு விழுங்கிவிடும்.

ஆல்ப்ஸ் ஏற்றங்களில் இதன் அருமை தெரியும். இந்த வழியில் வந்த ஸ்டையர்-புக் 650 டிஆர் காரில்தான் போலந்தின் சோபியெஸ்வாவ் ஜஸாடா 1966-ல் ஐரோப்பிய ராலி பட்டத்தை வென்றார். மலைப்பாதை ஏறும் ஹாஃப்லிங்கர் குட்டி வண்டிக்கும் இதே குடும்பத்து இன்ஜின்தான்.

இன்று வாங்குபவருக்கு? ஃபியட்டின் ஸ்டார்ட்டர் லீவரை முன்சீட் நடுவில் இழுத்து இன்ஜினை எழுப்புவதே தனி சுகம். கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பழக வேண்டும். ஆனால் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. புக்குக்குக் கதவும் கண்ணாடியும் ஃபியட் கடையில் தேடலாம், இன்ஜின் சாமான் என்றால் பர்ஸ் அழும்.

என் ஓட்டு புக்குக்கே. ஒரு எச்சரிக்கை: கூடு ஒன்றே என்பதால் சாதா வண்டியை ராலி வண்டியாக வேஷம் கட்டுவது சுலபம். பணம் எண்ணுமுன் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆவணத்தோடு வைத்துப் பாருங்கள்.